யாப்புக்காகச் சிதைந்த சொற்களா? தென் அந்தமான் பாடல் பதிவுகளும் ஒரு டார்செட் வட்டாரக் கவிதையும்

0. முன்னுரை

தென் அந்தமான் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று பெரார்கஞ்ச். 1923 முதல் 1931 வரை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த எம். எல். பெராரின் பெயரும், சந்தை அல்லது குடியிருப்பைக் குறிக்கும் ‘கஞ்ச்’ என்னும் வடபுலச் சொல்லும் இணைந்து உருவான ஊர்ப்பெயர் இது. அருகிலுள்ள காடெல்கஞ்ச், விம்பர்லிகஞ்ச் ஆகியனவும் இம்முறையில் அமைந்தவையே. இவ்வட்டத்தில் இன்று இந்தி பொதுமொழியாக வழங்குகிறது. வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலியன இல்லமொழிகளாக உள்ளன. ஜிர்காடாங் சோதனைச்சாவடிக்கு அப்பால் ஜாரவா மக்களின் காப்புநிலம் தொடங்குகிறது.

குடியேற்றங்களுக்கு முன்னர்த் தென் அந்தமானின் கடற்கரைப் பகுதிகளில் வழங்கிய மொழி அகா-பேயா. இது பெரிய அந்தமானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஜாரவாவோ ஓங்கே மொழியோடு உறவுடைய வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 625 ஆக இருந்த பெரிய அந்தமானியர் தொகை 1931இல் 90 ஆகக் குறைந்தது. அவ்வாண்டுக் கணக்கில் அகா-பேயாவினர் ஒருவரும் இடம்பெறவில்லை. பெரார்கஞ்ச் என்னும் பெயர் தோன்றிய காலமும் அந்நிலத்தின் பழைய மொழி மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே எனலாம்.

அம்மொழியின் பாடல்கள் சில ஆங்கிலேய அலுவலர்களின் பதிவுகள்வழிக் கிடைக்கின்றன. அவற்றோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்தே கிடைக்கிறது: இப்பாடல்களில் தாளத்திற்காகச் சொற்கள் சிதைக்கப்படுகின்றன என்பதே அது. பேசுவோர் எவரும் இல்லாத ஒரு மொழியைப் பொறுத்தவரை இத்தீர்ப்பை எளிதாகக் கடந்துவிட இயலாது. பாடலில் காணும் ஒரு வடிவம் மொழியின் இயல்பான வடிவமா, யாப்பின் தேவையால் மாறிய வடிவமா என்பதைப் பொறுத்தே அதனை அகராதியிலும் இலக்கணத்திலும் சான்றாகக் கொள்ள முடியும். இச்சிக்கலை ஓர் ஆங்கில நாட்டுப்புறக் கவிதையின் யாப்பமைதியோடும் தமிழ் யாப்பியல் கருத்துகளோடும் ஒப்பவைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பதிவுகளும் பதிவாளர்களும்

அகா-பேயா மொழி பற்றிய முதன்மைச் சான்றுகள் எட்வர்டு ஹொரேஸ் மான் (1846–1929) என்பாரின் உழைப்பால் விளைந்தவை. 1869இல் அந்தமானுக்கு வந்த மான், அங்குள்ள மக்களைப் பற்றி 1882இல் இலண்டன் மானிடவியல் கழகத்தில் உரைகள் நிகழ்த்தினார். அவை 1885இல் நூலாயின. அவர் தொகுத்த தென் அந்தமான் மொழி அகராதி 1923இல் நூல்வடிவம் பெற்றது. ரிச்சர்டு டெம்பிள் இலக்கண ஆய்வில் மானுக்குத் துணைநின்றார். இருவரும் இணைந்து 1877இல் ஒரு கிறித்தவ இறைவேண்டலின் தென் அந்தமான் மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். அம்மொழி குறித்த முதல் அச்சுநூல்களுள் ஒன்று மொழிபெயர்ப்பு நூலாக அமைந்தமை கருதத்தக்கது.

மான், டெம்பிள் ஆகியோரின் தாள்களை ஒழுங்குபடுத்தி, 1882இல் இலண்டன் மொழிநூற் கழகத்தின் தலைமையுரையாக வழங்கியவர் அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் (1814–1890). அவர் ஒலியியல் அறிஞர். ஆங்கில ஒலிப்பின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதி, 1889இல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தில் ஆங்கில நாட்டுப்புறக் கிளைமொழிகளை விரிவாக ஆராய்ந்தார். 1885இல் பல்வேறு நாடுகளின் இசைச் சுரவரிசைகளை அளந்து காட்டிய கட்டுரையும் அவருடையதே. அந்தமான் மொழித் தாள்கள், ஆங்கிலச் சிற்றூர்ப் பேச்சு, இசையளவு ஆகிய மூன்றும் ஓர் அறிஞரின் மேசையில் ஒருங்கே இருந்தன.

அந்தமானியருக்குப் பொறுப்பான அலுவலராகப் பணியாற்றிய மாரிஸ் விடால் போர்ட்மன் 1888இல் அரச ஆசியக் கழக இதழில் அந்தமானிய இசை பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1906 முதல் 1908 வரை களப்பணி செய்த ராட்கிளிஃப் பிரவுனின் நூல் 1922இல் வந்தது. அதில் பாடலும் ஆடலும் சமூக நிகழ்வுகளாக விளக்கம் பெறுகின்றன.

2. பாடல் நிகழும் முறை

இப்பதிவுகளிலிருந்து பாடல் நிகழ்ந்த முறை தெளிவாகிறது. பாடலை இயற்றுபவரே பாடுவார். வேட்டை, தோணி செதுக்குதல், கடற்பயணம் போன்ற அன்றாட நிகழ்ச்சிகளே பாடுபொருள்கள். ஒருவர் தோணியை இழைத்துக்கொண்டிருக்கும்போதே பாடலை மனத்துள் அமைத்து, ஆடல் நிகழும் இரவுவரை காத்திருப்பார். ஒருவர் இயற்றிய பாடலைப் பிறர் ஆடற்களத்தில் பாடுவதில்லை என்று ராட்கிளிஃப் பிரவுன் எழுதுகிறார்.

களத்தில் பாடகர் கேடய வடிவிலான ஒலிப்பலகை ஒன்றைக் காலால் மிதித்துத் தாளம் எழுப்புவார். கால்களை நீட்டி அமர்ந்திருக்கும் பெண்கள் தொடைமீது கைதட்டி அத்தாளத்தைத் தாங்குவர். தனிப்பாடகர் பாடியபின் குழுவினர் பல்லவியை ஏற்றுத் திரும்பத் திரும்பப் பாடுவர். பாடல்வரிகள் மிகச் சில. சுர எல்லையும் குறுகியது. ஆயினும் ஒரே பாடல் நெடுநேரம் நீடிக்கும். எனவே பாடலின் பெரும்பகுதி மீள்வரவால் ஆனது எனலாம்.

அச்சிலோ இப்பாடல் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. தனிப்பாடகரின் பகுதி ஒருமுறையும் பல்லவி ஒருமுறையும் எழுதப்படும்; அதன்பின் பல்லவி மீண்டும் வரும் என்னும் குறிப்பு மட்டும் எஞ்சும். அடிகளின் அளவு தெரிகிறது. அவ்வளவைத் தாங்கிய பலகையொலி தெரிவதில்லை. சொற்களின் குறுக்கம் கண்ணுக்குப் படுகிறது. அக்குறுக்கம் எத்தனையாவது முறை பாடும்போது நேர்ந்தது என்பது தெரிவதில்லை.

3. ‘சிதைவு’ என்னும் தீர்ப்பு

மான் பதிவுசெய்த பாடல்களுள் ஜம்பு என்னும் தலைவர் இயற்றியது ஒன்று உண்டு. உயிர்க்கொலைக் குற்றத்திற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்று விடுதலையான பின் அவர் இதனை இயற்றியதாகக் குறிப்பு கூறுகிறது. மூங்கில் ஈட்டியில் சாய்ந்து வானப் பரப்பை நோக்கி நிற்கும் ஒருவரின் மனவருத்தம் இதன் பொருள். வானப் பரப்பைக் குறிக்கும் தொடர் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. இரண்டாம் முறை அதனோடு ஒரு புதிய கூறு சேர்கிறது. நோக்குதல் என்னும் வினையும் இவ்வாறே மீள்கிறது. பாடலின் வடிவத்திற்கு அருகே உரைநடை வடிவத்தை வைத்துப் பார்த்தால், பாடலில் சொற்கள் குறுகியிருப்பதும் தொடரமைப்பு முறைமாறியிருப்பதும் புலனாகின்றன.

இவ்வேறுபாடு உண்மையே. அதற்குத் தரப்பட்ட விளக்கமே ஆராய்தற்குரியது. தாளத்தை முதன்மையாகவும் மொழியை அதற்குப் பலியாவதாகவும் கொண்ட விளக்கம் அது. பதிவாளர்கள் அறிந்த யாப்பு, பள்ளியில் பயின்ற ஆங்கில, இலத்தீன் யாப்பாகும். அதில் சொல்லின் வடிவம் நிலையானது. கவிஞர் அதற்கேற்ற இடத்தை அடியில் தேடுவார். சிறிதளவு குறுக்கம் உரிமையாக ஏற்கப்படும். அளவு மீறினால் அது குறையாகும். இக்கண்கொண்டு நோக்குவோர்க்கு அந்தமான் பாடல் முழுவதும் குறையாகவே தோன்றியிருத்தல் இயல்பு. ஆங்கிலத்திலேயே இதே கண்ணோட்டத்தால் தவறாக மதிப்பிடத்தக்க பாடல்வகை ஒன்று உண்டு. அதுவே நாட்டுப்புறக் கிளைமொழிக் கவிதை.

4. ஒரு டார்செட் கவிதையின் யாப்பு

வில்லியம் பார்ன்சு (1801–1886) இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்செட் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர், பின்னர்ச் சமயகுரு. தம் வட்டாரப் பேச்சில் கவிதைகள் இயற்றியவர். அப்பேச்சின் இலக்கணத்தையும் சொற்றொகுதியையும் எழுதியவரும் அவரே. அந்நூல் 1863இல் மொழிநூற் கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் எல்லிஸ் அந்தமான் மொழி பற்றி உரையாற்றியது இதே கழகத்தில்தான்.

பார்ன்சின் 1859ஆம் ஆண்டுத் தொகுப்பில் லிண்டன் லீ என்னும் இடத்துப் பழத்தோட்டம் பற்றிய கவிதை ஒன்று உள்ளது. வான் வில்லியம்சு அதற்கு இசையமைத்து 1902இல் வெளியிட்டபின் அது பரவலாக அறியப்பட்டது. எட்டடி கொண்ட மூன்று பத்திகளால் ஆன இக்கவிதையின் யாப்பு வருமாறு அமைகிறது.

முதலாவது, அடியளவு. ஒவ்வோர் அடியிலும் நான்கு அழுத்தங்கள் உள்ளன. முதல் நான்கடிகளில் அசைத்தொகை ஒன்பதும் ஏழுமாக மாறிவருகிறது. பின் நான்கடிகளில் எட்டாக நிலைபெறுகிறது. அசைத்தொகை மாறினும் அழுத்தத்தொகை மாறுவதில்லை. எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறைக்கு மாறாக, சீர்நிலையைக் காத்து எழுத்துத்தொகையை நெகிழவிடும் பாக்களோடு இதனை ஒப்பிடலாம்.

இரண்டாவது, இறுதியியைபு. முதல் நான்கடிகளில் ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் இயைகின்றன. அடுத்த நான்கடிகள் இரண்டிரண்டாக இயைகின்றன. இறுதி இணையில் அடியிறுதி இயைபோடு அடிநடு இயைபும் சேர்கிறது.

மூன்றாவது, மீள்வரவு. பத்திதோறும் ஈற்றடி மாறாமல் வருகிறது. அவ்வடியில் ட, ல, ன ஆகிய மூன்று மெய்யொலிகள் மட்டுமே மாறிமாறி அமைந்துள்ளன. வேல்சு மொழியின் மெய்யொலி ஒழுங்கு யாப்பைப் பார்ன்சு நன்கறிந்தவர். அம்முறையை டார்செட் பேச்சில் அவர் பயன்படுத்தியமைக்கு இவ்வடி நல்ல சான்று. ஓரடிக்குள் மூன்று மெய்களின் ஒழுங்கு. அவ்வடியே பத்திதோறும் மீள்வதால் பாடல் முழுமைக்குமான ஒழுங்கு என மீள்வரவு இங்கு இரு நிலைகளில் செயற்படுகிறது.

இவ்வடியின் தொடக்கத்திலுள்ள துணைவினை தனித்து நோக்கத்தக்கது. பொது ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு அஃது அசைநிரப்பும் சொல்லாகத் தோன்றும். உடன்பாட்டு நிகழ்காலத் தொடரில், அழுத்திக் கூறும் நோக்கமின்றி அத்துணைவினையைப் பெய்வது பழைய பாவலர்களின் யாப்பு உத்தி என்றே பாடநூல்கள் கற்பிக்கும். ஆனால் டார்செட் பேச்சில் அழுத்தம் பெறாத இத்துணைவினை, வழக்கமாக நிகழும் செயலைக் குறிக்கும் இலக்கணக் கூறாகும். ஆப்பிள் மரம் அங்கே எப்போதும் தாழ்ந்து சாய்ந்திருக்கிறது என்னும் பொருள் அத்துணைவினையால் கிடைக்கிறது. அடியின் மெய்யொழுங்கைத் தொடங்கிவைக்கும் ஒலியும் அதிலேயே உள்ளது. இலக்கணமும் யாப்பும் ஒரே சொல்லில் தங்கியிருக்க, வெளியார் கண்ணுக்கு யாப்பு மட்டுமே தெரிகிறது.

பார்ன்சின் இலக்கணநூல் இருப்பதால் இத்தவறு திருத்தம் பெறுகிறது. கவிதை மட்டும் எஞ்சி, டார்செட் பேச்சு பதிவின்றி மறைந்திருப்பின், அத்துணைவினை ‘யாப்புக்காகச் சேர்ந்த வெற்றுச்சொல்’ என்றே ஆய்வுலகில் நிலைத்திருக்கும். அகா-பேயா பாடல்கள் ஏறத்தாழ அந்நிலையிலேயே உள்ளன. அம்மொழிக்கு இலக்கணம் உண்டு. ஆயினும் அதனை எழுதியோர் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். பாடல்களை இயற்றியவரும் அல்லர்.

5. தமிழ் யாப்பியல் தரும் வகைப்பாடு

பாடலில் சொல் மாறுவதைக் குறையாகக் கருதாமல் விதியாகக் கண்ட மரபு தமிழுக்கு உண்டு. தொல்காப்பியம் எச்சவியலிலும், பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலிலும் செய்யுள் விகாரங்கள் வகுத்துரைக்கப்படுகின்றன. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என ஆறும், முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என மூன்றும் நன்னூலார் கூறுவன. நிழல் என்பது நீழல் எனவும், ஓந்தி என்பது ஓதி எனவும் வருதல் இவ்வகையின. சொற்கள் முறைமாறி நிற்றற்கு மொழிமாற்று, கொண்டுகூட்டு முதலிய பொருள்கோள் வகைகள் உண்டு. ஒரே சீர் அடிமுழுதும் மீள்வது இரட்டைத்தொடை. ஓரடியின் இறுதி அடுத்த அடியின் முதலாவது அந்தாதித்தொடை. எத்தொடையும் இன்றி வருவது செந்தொடை.

மான் முதலியோர் ஒரே சொல்லால் சுட்டியவற்றை இவ்வகைப்பாடு பிரித்துக் காட்டும். அந்தமான் பாடலில் உருபு மறைந்திருப்பின் அது தொகுத்தல். ஈற்றசை குறைந்திருப்பின் கடைக்குறை. சொல்முறை மாறியிருப்பின் மொழிமாற்று. இவை மூன்றும் வேறுவேறு நிகழ்வுகள். ஒன்று வேற்றுமையமைப்பையும், ஒன்று ஒலியமைப்பையும், ஒன்று தொடரமைப்பையும் சார்ந்தது. ஒன்று நிகழ்ந்தது என்பதால் மற்றொன்றும் நிகழ்ந்தது எனக் கொள்ள இடமில்லை.

பிரித்தறியாவிடின் நேரும் இடரைத் தமிழ்ச் சான்று ஒன்றாலேயே உணரலாம். தாமரை என்பது முதற்குறையாய் ‘மரை’ என வரும். செய்யுளை மட்டும் கேட்டு அகராதி தொகுக்கும் அயலார் ஒருவர், மலரின் பெயர் மரை என்றே எழுதக்கூடும்; மானினத்தைக் குறிக்கும் மரையோடு அதனை இணைத்து ஒரு சொற்பிறப்பும் காணக்கூடும். பேசுவோர் உள்ளவரை இப்பிழை ஒருநாள் திருத்தப்படும். பேசுவோர் அற்றபின் அச்சிலுள்ளதே மொழியாகிவிடும்.

அதே வேளையில் தமிழ் வகைப்பாட்டை அப்படியே பொருத்துவதும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். பெரிய அந்தமானிய மொழிகளில் பெயர், வினை, அடை ஆகிய பலவகைச் சொற்களும் உடலுறுப்புகளோடு தொடர்புடைய முன்னொட்டுகளை ஏற்கின்றன. அகா-பேயா, அகா-கேடே, அகா-கோல் என்னும் பெயர்களின் முதலிலுள்ள ‘அகா’ வாயோடு தொடர்புடைய முன்னொட்டாகும். இப்பெயர்களை அடுக்கிச் சொன்னால் தமிழ்ச் செவிக்கு மோனை கேட்கும்; அங்கு இருப்பதோ இலக்கணம். தமிழில் வினைமுற்று விகுதிகள் ஒத்துவருவதால் இறுதியியைபு எளிதில் அமைகிறது. அதனாலேயே எதுகையும் மோனையும் கூடுதல் மதிப்புப் பெற்றன எனலாம். முன்னொட்டு மிகுந்த மொழியில் இந்நிலை தலைகீழாகும். எது தொடை, எது ஒட்டு என்பதை அந்தந்த மொழியின் சொல்லமைப்பை நோக்கியே துணிதல் வேண்டும்.

6. மீள்வரவு என்னும் அளவுகோல்

யாப்பு மாற்றத்தையும் இலக்கண வடிவத்தையும் பிரித்தறியப் பாடலுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. அதுவே மீள்வரவு. ஒரே தொடர் பாடலில் பலமுறை வரும்போது, தாள இடம் மிகுந்த நிலையில் நீண்டும் குறைந்த நிலையில் குறுகியும் வந்தால், அவ்வேறுபாடு யாப்பைச் சார்ந்தது. இடம் மிகுந்த நிலையிலும் குறுகிய வடிவமே மாறாது வருமாயின், அது பாடல்மொழிக்கே உரிய மரபுவடிவமாகவோ வேறொரு கிளைமொழியின் வடிவமாகவோ இருத்தல் வேண்டும். டார்செட் கவிதையின் துணைவினை, பல்லவியில் மட்டுமன்றிப் பிற அடிகளிலும், வெவ்வேறு தாள நிலைகளில் அதே தொழிலோடு வருவதைக் கண்டால், இலக்கணநூலின் துணையின்றியும் அஃது அசைநிரப்பி அன்று என ஓரளவு ஊகிக்க இயலும்.

இச்சோதனைக்கு மீள்வரவுகள் அனைத்தும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் தவறவிட்டது இதனையே. அந்தமானியர்க்கு மட்டும் நேர்ந்த குறையன்று இது. பிரான்சிசு ஜேம்சு சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் தொகுதியில் 305 பாடல்வகைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சொல்வடிவில் மட்டுமே அச்சாயின. அவற்றின் மெட்டுகளை பெர்ட்ராண்டு பிரான்சன் 1959 முதல் 1972 வரை நான்கு தொகுதிகளாகத் தொகுத்தபோதுதான், தாளில் குறைபாடுடையனவாகத் தோன்றிய அடிகள் பல மெட்டில் நிறைவுடையன என்பது தெளிவாயிற்று. ஆங்கிலக் கதைப்பாடல்களை மீண்டும் கேட்கப் பாடகர்கள் இருந்தனர். அகா-பேயாவுக்கு எவரும் இல்லை.

7. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

இப்பாடல்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பையே மூலமாகக் கொள்வர். அவ்வாங்கிலம் உருபும் சுட்டும் எழுவாயும் நிரப்பப்பட்ட முழுத்தொடர். பாடலின் செறிவு அதில் இல்லை. எனவே சொல்லுக்குச் சொல் தரப்பட்ட பொருள்வரியிலிருந்து தமிழாக்குவதே முறை. இங்குத் தமிழுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. உருபு மறைந்த தொடர் ஆங்கிலத்தில் உடைந்த தொடராகும். தமிழில் அது வேற்றுமைத்தொகையாக இயல்பாய் நிற்கும். மூலத்தில் குறுகிய சொற்களைத் தமிழில் தொகையாலும் குறையாலும் ஈடுசெய்தால், செறிவும் குலையாது. சிதைவு என்னும் உணர்வும் தோன்றாது.

மீள்வரவை விலக்குவது இன்னொரு பிழை. கூறியது கூறல் உரைநடையில் குற்றம் என்பதால், மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் முறை வரும் தொடரை மாற்றுச்சொல்லால் பெயர்ப்பதுண்டு. ஜம்புவின் பாடலில் வானப் பரப்பு இரண்டாம் முறை வரும்போது புதிய கூறு ஒன்று சேர்கிறது. பழைய சொல் மாறாமல் நின்றால்தான் புதியது புதியதாகப் புலப்படும். இரண்டையும் வேறு சொற்களால் பெயர்த்தால், நோக்கி நிற்பவரின் பார்வை ஒரே இடத்தில் நிலைத்திருப்பது மறைந்து, இரு காட்சிகளாகப் பிரிந்துவிடும். மேலும் அப்பாடல் முன்னிலையில் அமைந்தது. வருந்துபவரை ‘நீ’ என விளிக்கும் பாடலைப் பாடுபவர் அதனை இயற்றியவரே. களத்தில் குழுவினரின் குரலும் அவரோடு சேரும்போது, தம்மைத் தாமே விளித்த சொல் சுற்றத்தார் அவரை விளிக்கும் சொல்லாகவும் ஆகிறது. தன்மையாக மாற்றிப் பெயர்த்தால் இவ்விரட்டைப் பொருள் இழக்கப்படும்.

8. முடிவுரை

பெரிய அந்தமானியத்தின் வடபகுதி மொழிகள் இருபத்தோராம் நூற்றாண்டில் வேறுவகையான பதிவைப் பெற்றன. மொழியியலறிஞர் அன்விதா அப்பி இம்மொழிகளின் எஞ்சிய வழக்கை ஒலிப்பதிவோடு ஆவணப்படுத்தினார். 2012இல் அகராதியும் 2013இல் இலக்கணமும் வெளியிட்டார். அகா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். சாரே மொழியின் இறுதிப் பேச்சாளரான லீச்சோ 2020இல் மறைந்தார். 2021இல் அப்பி வெளியிட்ட தொகுப்பில் பத்துக் கதைகளும் நாற்பத்தாறு பாடல்களும் இடம்பெற்றன. இவை வடபகுதி மொழிகளைச் சார்ந்தவையாதலின் அகா-பேயா பாடல்களுக்கு நேரடிச் சான்றாகா. ஆயினும் உறவுமொழிகளின் பாடலில் சொல் எவ்வாறு நீள்கிறது, எவ்வாறு குறுகுகிறது என்பதைச் செவியால் அறிய இவை உதவும். அவ்வறிவைக்கொண்டு மானின் பதிவுகளை மீண்டும் படிக்கலாம்.

அவ்வாறு படிக்கும்போது செய்யத்தக்கன மூன்று. பாடலில் மட்டும் காணும் வடிவங்களை அகராதியில் தனிக்குறியிட்டுக் காட்டுதல். ‘சிதைவு’ என்னும் பொதுச்சொல்லை விடுத்து, ஒலி, உருபு, தொடர் என மாற்றங்களை வகைப்படுத்துதல். மீள்வரவு குறிப்பாக மட்டும் உள்ள இடங்களில் அதனையும் பாடலின் உறுப்பாகக் கொண்டு யாப்பைக் கணித்தல். தமிழ் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிப்பிப்போர்க்கும் இம்மூன்றும் பொருந்தும். ‘மீண்டும்’ என்னும் ஒற்றைக் குறிப்போடு பல்லவியை முடித்துவிடும் பதிப்புகள் இன்றும் வருகின்றன. பாடுவோர் உயிரோடிருக்கும்போது அக்குறிப்பை விரித்தெழுதுவது சில பக்கங்களுக்கான உழைப்பே. பாடுவோர் மறைந்தபின் எத்துணை உழைப்பாலும் அதனை விரிக்க இயலாது என்பதற்குத் தென் அந்தமான் பாடல்கள் சான்றாக உள்ளன.